உப்புக் குறையாத ஒன்பது ஆண்டுகள்

பட்டு நூற்பாலை உணவுச்சாலையின் தலைமைச் சமையற்காரர் உயர்திரு ஆஞ்சப்பனார் அவர்கள் பணி ஓய்வு பெறும் நன்னாளில், ஆலைத் தோழர்கள் அன்புடன் வாசித்தளித்த பாராட்டு மடல்

அனலுக்கும் புகைக்கும் அஞ்சாமல், அரைக் கல் உப்புக்கு மட்டும் அஞ்சிய அண்ணலே! களியைக் கட்டி தட்டாமல் கிண்டிய கைகாரரே! கொள்ளுச் சாற்றில் கொத்தமல்லி கிள்ளிப் போட்டுக் கூலிக்காரன் குடலைக் குளிர்வித்த கோமானே! பசித்தவன் முகம் பார்த்துப் பருப்பு வேகவைத்த பண்பாளரே! எங்கள் ஆஞ்சப்பனாரே! வருக! வந்து, மாலையும் கழுத்துமாய் இந்த நாற்காலியில் அமர்க! அமர்ந்த பின் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்க!

பார்க்கிறீர். இந்த வரியை வாசிக்கும் நேரத்தில் உம் கழுத்து அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கும் என்பது எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். என்ன செய்வது? ஓய்வு பெறுகிறவர் அன்று வேலையில் கை வைக்கக் கூடாது, முதல் இலையில் உட்கார்ந்து மற்றவர் பரிமாற உண்ண வேண்டும் என்பது நம் ஆலையின் வழக்கம். பாய்லர்க்காரர் போனபோதும், வாயிற்காவலர் போனபோதும் நீர் சமைத்தீர், அவர்கள் உண்டார்கள். உம்முடைய நாள் வந்தபோது யார் சமைப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். கடைசியில் உம்மோடு நின்று மாவு சலித்த சம்பங்கியும், தண்ணீர் தூக்கிய மாதப்பனும் துடுப்பைக் கையில் எடுத்திருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறதோ, எங்களுக்கும் தெரியாது. ஆண்டவன் விட்ட வழி.

இன்னொன்று. உம்மை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து ஓடிவிடுவீர். ஆகவே இனிச் சபையைப் பார்த்துப் பேசுகிறோம். நீர் இந்த இடத்தில் இல்லை என்றே வைத்துக்கொள்ளும்.

சபையோரே! பட்டுக்கூடுகளை வெந்நீரில் போட்டு நூல் எடுக்கும் கூடத்தின் வாடை எப்படிப்பட்டது என்று ஓசூர்ச் சந்தைக்கு வருகிறவர்களைக் கேளுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நம் மதிலைத் தாண்டுவார்கள். கூட்டுக்குள் இருக்கும் புழு வெந்து, தண்ணீர் பழுப்பாகி, அந்த நாற்றம் தலைமயிரிலும் சேலைத் தலைப்பிலும் ஏறி வீடு வரைக்கும் வரும். அதற்குள்ளே நாளெல்லாம் நின்றவருக்குச் சோற்றைக் கண்டால் குமட்டும். தொழிலாளருக்கு உணவுச்சாலை வைத்தே தீர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பெங்களூரிலிருந்து ஒரு சமையற்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். பிறகு சம்பளத்தைக்கூடக் கேட்காமல் பஸ் ஏறிவிட்டார்.

அப்போது ஆஞ்சப்பனார் பாய்லருக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தார். பேரிகைப் பக்கத்துக்காரர். ஊர்க்கிணற்றில் வாளி இறக்க உரிமை இல்லாத தெருவில் பிறந்தவர். அடுப்படியில் நிற்கத் தெரிந்தவன் எவனாவது உண்டா என்று மானேஜர் சத்தம் போட்டபோது, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டு, "களி கிண்டுவனுங்க, சாறு வெப்பனுங்க," என்று முன்னால் வந்தவர் அவர் ஒருவர்தான். வந்த பிறகுதான் தாம் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. கூடத்தில் எல்லாத் தெருக்காரரும் உண்டு. கெலமங்கலத்துப் பண்ணை வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. தம் கையால் ஆக்கியதை இவர்கள் தொடுவார்களா? துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டு பாய்லருக்கே போய்விடலாமா என்று நினைத்ததாகப் பிற்பாடு சொன்னார்.

முதல் நாள் களியும் கொள்ளுச் சாறும். கதவு இடுக்கில் நின்று பார்த்தார். பந்திக்கு வந்த எல்லாரும் உட்கார்ந்தார்கள். எல்லாரும் கை வைத்தார்கள். பாதிக்கு மேல் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார்கள். மிச்சத்தையெல்லாம் அவரே கொட்டினார். வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி ஜோதியம்மாள்தான் வாயைக் கிளறினார்.

"என்னத்துக்கு இப்பிடி ஒக்காந்திருக்கிற?"

"தட்டுல மிச்சம் வெச்சுட்டாங்க. என் கைன்னு தெரிஞ்சுதான் வெச்சாங்க."

"தெரிஞ்சா ஒக்காந்தே இருக்க மாட்டாங்களே. அந்த நாத்தத்துல நின்னுட்டு வர்றவங்களுக்குச் சோறு எப்பிடி எறங்கும்? நீ பாய்லருகிட்ட பொகையிலயே நின்னவன். உனக்கு அது எங்க தெரியும்?"

மறுநாளே ஆஞ்சப்பனார் தம் வேலை முடிந்ததும் நூற்புக் கூடத்தில் போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். உதவிக்கு வந்ததாக எல்லாரும் நினைத்தோம். நாற்றத்தில் ஊறி, தலை சுற்றி, வெளியே வந்து, தாம் வைத்த சாற்றைத் தாமே ஒரு வாய் குடித்துப் பார்த்தார். இறங்கவில்லை. சாறு வேலியோரம் போயிற்று. துடைத்துக்கொண்டு சிரித்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நாற்றத்தால்தான் மிஞ்சியது என்று தெரிந்ததில் அத்தனை சந்தோஷம். ஆனால் அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான் நின்றது. எல்லாத் தட்டும் நாற்றத்தால்தான் மிஞ்சியதா, ஒரு சில தட்டு தம்மால் மிஞ்சியதா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே வழிதான் அவருக்குத் தெரிந்தது. சோற்றில் சொல்வதற்கு ஒரு குறையும் இல்லாமல் ஆக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகும் ஒருவர் கையை உதறினால், அது சோற்றுக்காக இல்லை என்று தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது, தெரிந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. ஒன்பது ஆண்டும் அந்த மனிதரை விடியுமுன் எழுப்பி அடுப்பு மூட்ட வைத்தது இந்த ஆசையும் பயமும்தான்.

அப்படித் தொடங்கியதுதான் நாமெல்லாம் பெருமையடித்துக்கொள்ளும் வாசல் ரசம். பந்திக்குள் நுழையுமுன் வாசலில் ஆளுக்கு ஒரு தம்ளர், கொதிக்கக் கொதிக்க, புளியும் சீரகமும் மிளகும் பச்சைக் கொத்தமல்லியும் மணக்க மணக்க. அதை மூக்கருகே பிடித்து ஒரு மூச்சு இழுத்தால் புழு வாடை போன இடம் தெரியாது. பசி வந்து நிற்கும். தம்ளர் எதற்கு, உள்ளங்கையில் ஊற்றினால் போதாதா என்று ஸ்டோர்க்காரர் கேட்டார். ஆஞ்சப்பனார் அசையவில்லை. மேலிருந்து ஊற்றக் கையேந்திக் குடிப்பது எப்படி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை இன்னொருவருக்குச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. தம்ளர் வந்தது.

பிறகு களி. அடடா, அந்தக் களிக்கு அவர் பட்ட பாடு! கேழ்வரகு எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்டு வாங்குவார். கொதிக்கும் நொய்யில் மாவை மலைபோல் கொட்டி, நடுவே துடுப்புக் காம்பால் துளை போட்டு, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்பார். சத்தம் மாறும் வரை யாரும் பேசக் கூடாது. மாறியதும் இரண்டு காலாலும் பானையை அணைத்துக்கொண்டு ஒரு கிண்டு கிண்டுவார். உருண்டையைப் பிட்டால் விரலில் ஒட்டாது, வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். அவரைக்காய்க் காலத்தில் கொட்டையைத் தோல் பிதுக்கி வைக்கும் பிதுக்குப் பருப்புக் குழம்பு. ஆனேக்கல்லிலிருந்து வரும் கன்னடத்துப் பெண்கள், "சாரு சென்னாகிதெ அண்ணா," என்று சாற்றை மெச்சித் தட்டை நீட்டி நீட்டி வாங்குவார்கள். அப்போதும் அவர் முகம் மலராது. "உப்பு?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பார்.

அந்த "உப்பு?" நம் எல்லாருக்கும் தெரியும். உப்புப் போட்டதும் தாம் ருசி பார்ப்பார், சம்பங்கியைப் பார்க்கச் சொல்வார், மாதப்பனைக் கூப்பிடுவார், அப்புறமும் மனம் கேளாமல் பந்தியில் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நிற்பார். "சரியா இருக்குதுங்கண்ணா," என்று சொல்லிச் சொல்லி நமக்கு வாய் வலித்தது. "ஏண்ணா, ஒரு நாளு உப்பு கொறஞ்சாத்தான் என்ன, குடி முழுகிப் போயிடுமா?" என்று சம்பங்கி ஒருமுறை கிண்டல் செய்தாள். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"மத்தவன் கொழம்புல உப்பு கம்மின்னா, உப்பு கம்மின்னு சொல்லுவாங்கம்மா. என் கொழம்புல கம்மின்னா உப்பச் சொல்ல மாட்டாங்க."

சம்பங்கி அதற்குப் பிறகு அந்தக் கிண்டலைச் செய்ததில்லை.

இனி, நம் ஆலையின் ஒரு வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாருடையது என்று சொல்லப் போவதில்லை. அது கெட்ட மனிதருடைய வயிறும் இல்லை. ஒருவரை அதட்டிப் பேசாத, காய்ச்சல் வந்தவருக்குத் தம் வண்டியைக் கொடுத்தனுப்புகிற மனிதர்தான் அதற்கு உரிமையாளர். வீட்டிலிருந்து தூக்குப் போசியில் சோறு வரும். அவர் பந்திக்கு வருவதில்லை என்று தெரிந்து ஆஞ்சப்பனார் முதல்முறை தட்டோடு போய் நின்றபோது, "வயிறு சரியில்ல ஆஞ்சப்பா," என்றார், மிக மரியாதையாக. ஆஞ்சப்பனார் அதை நம்பினார். மறுநாள் மிளகாயைப் பாதியாகக் குறைத்து எடுத்துப் போனார். வயிறு சரியில்லை. இஞ்சி தட்டிப் போட்டார். வயிறு சரியில்லை. ஓமம் வறுத்தார், சுண்டைக்காய் வற்றல் சேர்த்தார், பச்சரிசியைக் குழைய வடித்தார், மோரைக் கடைந்து வெண்ணெய் எடுத்துச் சீரகம் தாளித்தார். ஒவ்வொன்றும் அவர் கை படாமல் திரும்பி நம் தட்டுக்கு வந்தது. அந்த ஒரு வயிற்றைச் சரிக்கட்டப் போய், நம் எல்லார் வயிறும் சொர்க்கத்தைக் கண்டது.

வயிற்றுக்கு ஒன்றும் இல்லை என்று நம்மில் எவருக்குத்தான் தெரியாது? ஆஞ்சப்பனாருக்குத் தெரியாதா? தெரியும் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். "பாவம், என்ன சீக்கோ," என்பார். பயத்தோடு நம் வாயைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு பக்குவம் யோசிக்கப் போய்விடுவார். ஒன்பது ஆண்டும் அந்தத் தட்டு தவறாமல் போயிற்று, தவறாமல் திரும்பியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஆனாலும் வாய் திறந்து கேட்க எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

இன்றைய பந்தியில் ஓர் இலை அந்தப் பெரியவருக்காகவும் போடப்பட்டிருக்கிறது. ஆஞ்சப்பனாரின் இலைக்கு அடுத்த இலை. அவர் உட்காருவாரா, வயிறு சரியில்லை என்று எழுந்துவிடுவாரா, இம்மடலை எழுதும்போது எங்களுக்குத் தெரியாது.

ஆஞ்சப்பனாரே! இப்போது நீர் திரும்பி வரலாம். உடல் நலத்தோடும் ஊக்கத்தோடும், ஜோதியம்மாள் ஆக்கிப் போட அமர்ந்து உண்ணும் ஆறுதலோடும், நூறாண்டும் அதற்கு மேலும் நீர் வாழ வேண்டும்! கதவிடுக்கில் நின்று எவர் தட்டையும் பார்க்காத பகல்கள் உமக்கு வாய்க்க வேண்டும்! எங்கள் பசி உம்மை மறக்காது. எங்கள் மூக்கும் மறக்காது.

மடல் இங்கே முடிந்தது. வாசித்தும் ஆயிற்று. கண்ணாடிச் சட்டம் போடக் கொடுப்பதற்கு முன், இனி வருவதையும் எழுதிச் சேர்க்க வேண்டும் என்று ஆஞ்சப்பனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் சேர்க்கிறோம். பெயரையும் எழுதலாம் என்று உரியவரே சொல்லிவிட்டார். நூற்புக் கூடத்து மேஸ்திரி வெங்கடப்பன்தான் அவர்.

மடலை வாசித்து முடித்தோம். வெங்கடப்பன் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எழுந்தார். வாசல் பக்கம் போகிறார் என்றே நினைத்தோம். போகவில்லை. நேரே வந்து ஆஞ்சப்பனாருக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தார். யாரோ கை தட்டினார்கள். சம்பங்கி களி உருண்டையைக் கொண்டுவந்து வைத்தாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது களியே இல்லை. கட்டி கட்டியாக மாவு நின்றது, அடிப்பிடித்த வாடை வேறு. வெங்கடப்பன் முகம் சுளிக்காமல் பிட்டுத் தின்றார். எங்களுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உணவுச்சாலைச் சோற்றை மேஸ்திரி தின்கிறாரே!

ஆஞ்சப்பனார் மட்டும் தின்னவில்லை. பக்கத்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்போது வருசமா நல்ல களி இருந்துச்சுங்களே, ஐயா," என்றார் மெதுவாக. "இன்னிக்குத்தானுங்களா ஒக்காரணும்?"

அப்போதுதான் எங்கள் மரமண்டையில் ஏறியது. இன்று சமைத்தது ஆஞ்சப்பனார் இல்லை! ஊர்க்கிணற்றில் நீர் இறைக்கும் தெருவில் பிறந்த சம்பங்கி கையால் தின்ன வெங்கடப்பனுக்கு என்ன தடை? தட்டிய கைகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. வெங்கடப்பன் எடுத்த முதல் கவளத்திலேயே ஆஞ்சப்பனாருக்கு அது தெரிந்திருக்கிறது.

அவர் எழுந்தார். வழக்கமாவது ஒன்றாவது, யார் தடுக்க முடியும்? மாலையோடு அடுக்களைக்குள் போனார். மிளகு இடிக்கிற சத்தம் கேட்டது. தாளிக்கிற சத்தம் கேட்டது. வாசல் ரசத்தின் மணம் வந்தது. நாங்கள் இலை முன்னால் கை காயக் காய உட்கார்ந்திருந்தோம். சொம்பும் கரண்டியுமாக வந்து வெங்கடப்பன் முன்னால் நின்றார்.

"வயிறு எப்பிடி இருக்குதுங்க, ஐயா?"

ஒன்பது ஆண்டாகக் கேட்ட அதே கேள்வி. அதற்கு உண்டான பதில் வெங்கடப்பன் வாயில் இருந்தது, எங்கள் எல்லார் காதிலும் இருந்தது. வெங்கடப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார். அந்தக் கட்டிக் களியின் நடுவே விரலால் ஒரு குழி பறித்தார்.

"வயித்துக்கு ஒண்ணும் இல்ல ஆஞ்சப்பா. எந்நாளும் ஒண்ணும் இருந்ததில்ல. ஊத்து."

ஆஞ்சப்பனார் ஊற்றினார். வெங்கடப்பன் பிசைந்து ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார். போன ஒன்பது ஆண்டை எவராலும் திருப்பித் தர முடியாது. அது அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"உப்பு?" என்று கேட்டார் ஆஞ்சப்பனார்.

சரி என்று சொல்ல எங்கள் வாயெல்லாம் தயாராகத் திறந்திருந்தது. வெங்கடப்பன் நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தார்.

"ஒரு கல்லு கம்மி."

பாவி மனுஷன், இன்றைக்கா சொல்ல வேண்டும்! ஆஞ்சப்பனாருக்குப் பதற்றத்தில் கை தவறிவிட்டது போலிருக்கிறது. ஒன்பது ஆண்டு எதற்காக நடுங்கினாரோ அது வந்துவிட்டது. ஆஞ்சப்பனார் அசையாமல் நின்றார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரப்போகிற சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அது வரவில்லை.

"உப்பு கம்மின்னேன் ஆஞ்சப்பா. காது கேக்கலியா? ஒரு கல்லு கொண்டாந்து போடு. ரசம் ஆறுது," என்றார் வெங்கடப்பன்.

"இதோ கொண்டாறனுங்க!" என்று ஆஞ்சப்பனார் ஓடினார். ஓய்வு பெற்ற மனிதர், மாலை ஒரு பக்கம் நழுவ, உப்புக்காக அப்படி ஓடியதை இந்த ஆலை பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது, வாயெல்லாம் சிரிப்பு. நாங்களும் அழுதோம். அதில் என்ன வெட்கம்?

போகும்போது எங்களிடம் சொன்னார்: "தலைப்புல உப்புக் கொறையாததுன்னு போட்டிருக்கிறீங்க. அது பொய்யா இருக்கக் கூடாது. கடைசி நாளு கொறஞ்சுச்சு. அதையும் எழுதித்தான் சட்டம் போடணும்."

தலைப்பை மாற்ற எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே அவர் சொன்னபடி எழுதுகிறோம்: விகாரி ஆண்டு மார்கழித் திங்கள், தம் பணி ஓய்வு நாளில், ஆஞ்சப்பனார் வைத்த ரசத்தில் உப்பு ஒரு கல் குறைவு. வேறு குறை எதையும் எவரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உம் அடுப்பில் பசியாறிய
பட்டு நூற்பாலைத் தொழிலாளர்கள்
ஓசூர்